மலை மேல் எழுபது

எங்கள் தொழிற்சாலையில் எஞ்சின் பிறப்பதற்கு முன்பே விளம்பரப் பலகை பிறந்துவிட்டது: நூறு குதிரைத்திறன். அந்த நூறை வரவழைப்பது சோதனை அறையில் இருந்த எனக்கும் மச்சானுக்கும் வேலை. விசிறியைக் கழற்றுவோம், சைலன்சரைக் கழற்றுவோம், வெயில் ஏறுமுன் குளிர்ந்த காற்றில் ஓட்டுவோம். நூறு வரும். முதலாளி தானே பெற்றதுபோல் பூரித்துப்போவார். முப்பது வருஷம் கழித்து நினைத்தாலும் அந்த டீசல் வாடை இனிக்கத்தான் செய்கிறது.

மச்சான் என் மனைவியின் அண்ணன். காற்றழுத்தம் காட்டும் பாரமானியை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் எதற்கும் வாயைத் திறப்பார். அதனால் எல்லோருக்கும் அவர் பாரமானிதான்.

மலை ஊரில் பஸ் நடத்தும் அம்மாள் ஒருவர், தன் ஊரிலேயே சோதித்துக் காட்டினால் எஞ்சின் வாங்குவதாகச் சொன்னார். காரியம் முடிந்தால் மச்சானுக்குச் சோதனைப் பிரிவின் தலைமை நாற்காலி என்றார் முதலாளி. மச்சான் பதினோரு வருஷமாகக் காத்திருந்த நாற்காலி.

கருவிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு முதலாளியோடு போனோம். உயரத்தில் காற்று மெலிவு. எஞ்சின் மூச்சுவாங்கி எண்பதோடு நின்றது. மச்சான் முறைப்படி எழுதினார்: அளந்தது எண்பது, சமவெளிக் கணக்குக்கு ஒன்றேகாலால் பெருக்க, நூறு.

முதலாளி தாளை வாங்கினார். கண்ணில் பட்டவை நூறும் ஒன்றேகாலும். தன் பங்குக்கு அவரும் ஒருமுறை பெருக்கினார். நூற்றிருபத்தைந்து. எழுந்து நின்று, தங்கள் எஞ்சினுக்கு மேலே போகப் போகப் பலம் கூடும் என்று அறிவித்தார்.

"அப்போ இன்னும் ரெண்டு மலை ஏத்தினா பறந்தே போயிடுமே," என்றார் அம்மாள். பிறகு மச்சான் பக்கம் திரும்பினார். "தம்பி, என் பஸ்ல அம்பது பேர் வருவாங்க. கடைசி வளைவு ஏறுமா?"

முதலாளியின் பார்வை மச்சானுக்கு அந்த நாற்காலியை நினைவுபடுத்தியது. மச்சான் பாரமானியைப் பார்த்தார்.

"ஏறாதும்மா. இங்க அளந்தது எண்பது. விசிறி, சைலன்சர் எல்லாம் மாட்டினா எழுபதுதான். நாப்பது பேர்னா தாங்கும்."

நாற்காலி எனக்கு வந்தது. நூற்றிருபத்தைந்து என்று அச்சடித்த தாளில் என் கையெழுத்தும் வந்தது. வீட்டில் மனைவி ஒரு வருஷம் அதை "எங்கண்ணன் நாற்காலி" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். பஞ்சு வைத்த நாற்காலிதான், ஆனாலும் குத்தும்.

அம்மாள் ஒரு எஞ்சினை வாங்கினார். கூடவே மச்சானையும் பஸ் மெக்கானிக்காக அங்கேயே வைத்துக்கொண்டார். அதற்குப்பின் சோதனை அறையில் என்னோடு சண்டை போட ஆளில்லை. நான் சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது, சலித்துப்போகும் அளவுக்கு.

மச்சான் எப்போதாவது கடிதம் போடுவார். பஸ்ஸில் நாற்பதுக்கு மேல் ஆள் ஏறிவிட்டால், கடைசி வளைவில் முதலில் இறங்கி நடப்பது அவர்தானாம். காற்று மெலிவாக இருந்தாலும் நடக்க நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தார்.