நைனார் விட்ட கீரி

கோழிக்கூண்டின் கதவைத் திறந்து உள்ளே ஒரு எட்டு வைத்ததும் லூர்துமேரிக்குக் கால் வழுக்கியது. ரத்தம். ஒன்பது விடைக்கோழிகளும் கழுத்து கிழிந்து கிடந்தன. ஒன்றையாவது தின்றிருந்தால் தேவலை. கொன்று கொன்று போட்டிருந்தது. தாய்க்கோழி செவலை மட்டும் ஒரு கண் பிய்ந்து, மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தது.

சத்துணவுக்கூடத்தில் சமைத்துப் புகையைத் தின்றுவிட்டு வந்து, கேப்பையும் நொய்யுமாகப் போட்டு நாலு மாதம் வளர்த்தவை. அடுத்த மாதம் மகள் இருதயமேரி தலைப்பிரசவத்துக்குத் திண்டிவனம் வருகிறாள். பிள்ளை பெற்ற உடம்பு தேற நாட்டுக்கோழிச் சாறு வேண்டாமா?

தின்னாமல் கொன்று போடுவது மனுஷ வன்மம்தான். அவளுக்கு ஒரே ஓர் ஆள்தான் நினைவுக்கு வந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆதிநாதன், ரிட்டையரான வாத்தியார், சமணர். தெருவே அவரை நைனார் என்றுதான் கூப்பிடும். பத்து வருஷமாக இவள் வீட்டுக் கோழி எருதான் அவர் தோட்டத்துக்கு உரம். அவர் கழிக்கிற முற்றல் கீரைதான் இவள் கோழிக்குத் தீனி. ஆனால் முந்தாநாள் கோழிகள் அவருடைய தண்டுக்கீரைப் பாத்தியைக் கிளறிவிட்டன. "இன்னொரு வாட்டி வந்துதுன்னா நான் மனுஷனா இருக்க மாட்டேன்" என்று கத்தினாரே!

கொடுவாளை எடுத்தாள். வேலிப்படலுக்கு ஒரே உதை.

இரண்டு வெட்டில் புடலம்பந்தல் சாய்ந்தது. நேராக வளரக் கல் கட்டிவிட்ட காய்கள் தொப்புத் தொப்பென்று விழுந்து நசுங்கின. குலை தள்ளிய வாழை குறுக்கே சரிந்தது. கத்தரிச் செடிகளை வேரோடு பிடுங்கி வீசினாள்.

"ஏ லூர்து! பேய் புடிச்சிடுச்சா உனக்கு?" ஆதிநாதன் ஈர வேட்டியோடு ஓடி வந்தார்.

"வா நைனாரே, வா! எறும்பைக்கூட மிதிக்க மாட்டேன்னு பீத்திக்கினு, ஒம்போது கழுத்தையும் அறுத்துட்டியா?"

"நானா? நான் கோழியத் தொட்டதே இல்லியேம்மா!"

அடுத்த வாழைக்கு ஓங்கினாள். அவர் குறுக்கே கையை நீட்டினார். கத்தி உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு போனது. ரத்தம் கீரைப் பாத்தியில் சொட்டியது. அப்போதும் அவர் கை ஓங்கவில்லை; அதுதான் அவளுக்கு இன்னும் வெறியேற்றியது.

சாய்ந்த பந்தலுக்கு அடியில் ஏதோ கிறீச்சிட்டது. கொடியை விலக்கினாள். பெருச்சாளி பிடிக்கிற கம்பிக்கூண்டு. உள்ளே ஒரு கீரி. மூஞ்சியெல்லாம் காய்ந்த ரத்தம், பல்லிடுக்கில் கோழி இறகு.

"இது எப்ப மாட்டிச்சு?"

"விடியக்காலைல கூண்டு சாத்திக்கின சத்தம் கேட்டுது. இன்னும் வந்து பாக்கல." அவர் குனிந்து பார்த்தார். முகம் வெளுத்துப்போனது. "இந்தக் காது கிழிஞ்சிருக்கே... நேத்து மாட்டினதும் இதாம்மா. பெருச்சாளிக்குத்தான் வெச்சேன். கொல்லக் கூடாதில்ல, தூக்கிக்கினு போயி விட்டுட்டேன்."

"எங்க?"

"இருட்டிக்கினு வந்துது. தூரம் போவல. உன் கொல்லைக்குப் பின்னால, முள்ளுப் புதர்ல."

லூர்துமேரி அவரையே பார்த்தாள். "நீ ஒண்ணைக் கொல்லாம விட்டே. என் வீட்ல ஒம்போது செத்துது."

கூண்டைத் தூக்கிப்போய்த் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினாள்.

"வேணாம்மா! உனக்குப் புண்ணியமாப் போவும், விட்டுடு!" அவர் அவள் தோளைப் பிடித்து இழுத்தார். முழங்கையால் நெஞ்சில் ஒரு இடி இடித்தாள். கூண்டு அவள் கைக்கு அடியில் குதித்தது, உதறியது. அது அடங்கிக் குமிழி நிற்கிற வரைக்கும் அவள் எடுக்கவில்லை.

ஆதிநாதன் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் முந்தானையைக் கிழித்து அவர் கையைக் கட்டினாள். நோகட்டும் என்றே இறுக்கினாள்.

"ஒம்போது வேணாம். ஒண்ணு போதும். எம்பொண்ணு பெத்ததும் சந்தைக்குப் போ. ஆள் அனுப்பாத, உன் கையால வாங்கியா."

"லூர்து, அது மட்டும்..."

"உன் கையால."

லூர்துமேரிக்குப் பேத்தி பிறந்த வாரம் அவர் சந்தைக்குப் போனார். எல்லாரும் கோழியைக் காலில் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டு வருவார்கள். அவர் தழும்பேறிய கையால் ஒரு கருப்புப் பெட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படலருகே வந்து நின்றார்.

"இத்த வளக்கலாமில்ல?" என்றார்.

"அறுக்கணும்" என்று சொல்லி லூர்துமேரி கையை நீட்டினாள்.

அவர் கொடுத்தார். விரல்கள் மட்டும் இறகை விடவில்லை. அவள் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.