பசை தடவாத எல்போ

ஷாஜன் வேண்டுமென்றே பசை தடவாமல் தண்ணீர்க் குழாயின் வளைவில் சொருகி வைத்த எல்போ, சொட்டுச் சொட்டாகக் கசியும் என்றுதான் அவன் நினைத்திருந்தான். அது கழன்றே விழுந்துவிட்டது. நாளைக்குப் பால்காய்ப்பு என்றிருக்கும் அனில்குமார் சாரின் புது வீட்டில், மாடித் தொட்டித் தண்ணீர் முழுவதும் கூடத்து ஃபால்ஸ் சீலிங்கில் இறங்கியது. பலகை ஒன்று நிறைமாதக்காரியின் வயிறு போல உப்பி, பொத்தென்று சோபாமேல் விழுந்தது.

"ஐயோ, சோபாக்கு உறைகூட இன்னும் பிரிக்கல்லியே!" என்று அலறினாள் சாரின் மனைவி சுஜா.

பிரிக்காததும் நல்லதாப் போச்சு என்று ஷாஜனுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டு மாடிக்கு ஓடி வால்வை அடைத்தான்.

மயிலாடியில் குழாய் என்றால் ஷாஜன் என்று பேர். அந்தப் பேரைத் தானே கெடுத்துக்கொள்ளும் அளவுக்கு அவனுக்கு மற்ற வழியெல்லாம் அடைபட்டிருந்தது.

ஈஸ்டர் முடிந்த கையோடு அவன் மனைவி ஜெஸ்மிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. வீட்டிலிருந்ததெல்லாம் ஆஸ்பத்திரியில் கரைந்த பிறகு, பிசியோதெரபி பார்க்கும் அனில்குமார் சார்தான் அந்த யோசனையைச் சொன்னார்.

"எனக்க வீட்டு பிளம்பிங் மொத்தமும் நீ பாத்துக் குடு. நான் உனக்க வீட்டுக்கு வந்து அவளுக்குப் பயிற்சி குடுக்கேன். நமக்குள்ள என்ன மக்கா, துட்டும் மண்ணும்?"

கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. காலையில் இவன் அங்கே போனான். மாலையில் அவர் இங்கே வந்தார். சிக்கல் வேலை முடியப்போகையில்தான் தொடங்கியது. கடைசிக் குழாயையும் மாட்டிவிட்டால் சார் எதற்கு வருவார்?

ஆகவே ஷாஜன் முடிக்காமலிருக்கக் கற்றுக்கொண்டான். நேராக இருந்த வாஷ்பேசினைக் கோணல் என்று கழற்றினான். நல்ல ஜாயிண்டை அறுத்துவிட்டு, உற்றுப்பார்த்து உச்சுக்கொட்டினான். சோம்பேறிகள் வேலையை இழுப்பார்கள். இவன் வியர்க்க விறுவிறுக்க இழுத்தான். வேறு வீட்டு வேலைகள் எல்லாம் கைநழுவிப்போய், சொந்த வீட்டில் உலை வைக்கவே யோசிக்க வேண்டியதாயிற்று.

ஜெஸ்மி தையல்காரி. கை எப்படியும் வந்துவிடும் என்று ஊர்ப் பெண்களிடம் கிறிஸ்துமஸ் ரவிக்கைத் துணிகளைத் தைக்க வாங்கி வைக்கத் தொடங்கியிருந்தாள்.

"சார்ட்ட கேட்டியளா?" என்பாள் தினமும்.

கேட்பான். "பாக்கலாம் மக்கா" என்பார் சார்.

அந்தப் 'பாக்கலாம்' ஷாஜனுக்கு நன்றாகத் தெரிந்த சரக்கு. இனி ஒழுகாதுல்லா என்று கேட்கிறவர்களிடம் அவன் சொல்வதும் அதுதான். சொல்லிவிட்டு அந்தத் தெருப்பக்கமே தலைகாட்டமாட்டான்.

சார் மாடிக்கு வந்தார். வேட்டி முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. கழன்ற எல்போவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"லே ஷாஜா, இதுல பசையே இல்லியே. மறந்துட்டியா?"

"மறக்கல்ல சாரே."

"பின்ன?"

"வேலை முடிஞ்சா நீங்க வரமாட்டியளே."

சார் கையை ஓங்கினார். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்தார்.

"கூறுகெட்ட மூதி! நாளைக்கு எனக்க மாமனார் வந்து எங்கலே இருப்பாரு? நீச்சலடிக்கவா?"

"விடியதுக்குள்ள பலகைய மாத்திருதேன். ஆனா ஒண்ணச் சொல்லிட்டு ஏசுங்க. அவ ஊர்த்துணிய எல்லாம் வாங்கிக் கட்டில்ல குவிக்கா. எனக்கு அவ மூஞ்சியப் பாக்க முடியல்ல. கை வருமா, வராதா?"

"பாக்கலா…"

"சாரே, அது எனக்க தொழில் வார்த்தை. எனக்கிட்டயே விக்காதிய." பைப் ரெஞ்சைப் பிடித்துக்கொண்டு இப்படி அழுவது ஷாஜனுக்கே கேவலமாக இருந்தது.

கீழே சுஜா வாளி உருட்டும் சத்தம் கேட்டது. சார் ஈரத்தரையில் அவனுக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தார்.

"வராது," என்றார். "எனக்குத் தெரிஞ்சு கொஞ்ச நாளாச்சு. சொன்னா நீ வேலைய பாதியில விட்டுட்டுப் போயிருவியோன்னுதான் வாயத் தொறக்கல்ல. கால் வரும், கம்பு ஊனி நடப்பா. வலது கை இனி ஊசி பிடிக்காது மக்கா. அந்தத் துணிய எல்லாம் திருப்பிக் குடுத்துரச் சொல்லு."