உடைத்துப் பார்க்கும் அறை

“இதையெல்லாம் துடைச்சது யாரு?”

“நான்தான் மேடம்.”

“ஒன்பதையுமா?”

“ஒன்பதையும்தான். அழுக்கும் ஈரமுமா வந்துச்சு. அப்படியே எப்படி உங்க மேஜையில வெக்கிறது? பிரஷ் போட்டு உள்ள வரைக்கும் சுத்தமாத் தேச்சுட்டேன்.”

சுராயா நாற்காலியில் உட்கார்ந்தாள். பெட்டிகள் ஏன் கெட்டன என்று அவள் தேட வேண்டிய தடயத்தை, சர்வீஸ் பார்க்கும் ரஞ்சித் மரியாதையின் பேரில் துடைத்துக் குப்பையில் போட்டிருந்தான்.

ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதியில் ஒரு வீட்டு மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. வயலில் இருக்கும் பம்புசெட்டை வீட்டிலிருந்தே போனில் ஓடவிடும் பெட்டி ஒன்றுதான் அதன் சரக்கு. முதலில் துறையூர்ப் பக்கம் நாற்பது பெட்டி கொடுத்தார்கள். அக்டோபரில் ஒன்பது பெட்டிகள் செத்துத் திரும்பி வந்தன.

பொருளை எப்படியெல்லாம் சாகடிக்கலாம் என்று யோசித்து, வாங்குகிறவர் கைக்குப் போகும் முன்பே சாகடித்துப் பார்ப்பது சுராயாவின் வேலை. அதற்காக மாடியின் கோடியில் இருந்த அறையைக் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். உள்ளே ஒரு சூட்டுப் பெட்டி, நீராவி அடிக்கும் குழாய், பொருளை நாள் முழுக்க உலுக்கும் மேஜை. மற்றவர்கள் அதை உடைக்கிற ரூம் என்றார்கள்.

கம்பெனியை நடத்தும் ஹரிஹரசுதன் வாசலில் வந்து நின்றார்.

“மழைதான் சுராயா. வேற என்ன?”

“மழை பதினெட்டாம் தேதிதான் சார் ஆரம்பிச்சுது. ஏழு பெட்டி அதுக்கு முன்னாடியே போயிடுச்சு. காரணம் தெரியாம அடுத்த இருநூறை அனுப்பாதீங்க.”

அவர் சூட்டுப் பெட்டியைப் பார்த்தார். “நாற்பது நாள் தரேன். காரணத்தையும் கண்டுபிடிங்க, சரி பண்ணியும் காட்டுங்க. முடியலேன்னா இந்த ரூம் பேக்கிங்குக்குப் போயிடும். நீங்களும் பேக்கிங் பாருங்க.” கோபமில்லாமல் சொன்னார். அதுதான் சுராயாவுக்கு வலித்தது.

மறுநாள் காலை சுராயாவும் ரஞ்சித்தும் துறையூர் பஸ் ஏறினார்கள். முதலில் செத்த பெட்டி வள்ளிக்கண்ணுவுடையது. ஊர் உழவர் குழுவின் தலைவி. சின்ன வெங்காய வயலின் நடுவே பம்பு ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“வாங்க, வாங்க. வாய்க்கரிசி ஒண்ணுதான் போடல ஒங்க பொட்டிக்கு. மத்த சடங்கெல்லாம் முடிச்சுட்டுத்தான் அனுப்பி வெச்சேன்.”

“அது கெடுறதுக்கு முன்னாடி யாராவது திறந்தாங்களா அக்கா? கை வெச்சாங்களா?”

“கரண்டு சாமானை யாரு பாப்பா தொடுவா? நான் யாரையும் கிட்ட விட மாட்டேன்.”

சுராயா பம்பு ரூமைச் சுற்றிப் பார்த்தாள். மோட்டாரில் சந்தனப் பட்டை, நடுவே காய்ந்த குங்குமம். மருந்தடிக்கும் மிஷினில் ஒன்று. மண்வெட்டியில் ஒன்று. கேன்களைக்கூட விட்டுவைக்கவில்லை.

“ஆயுத பூஜைக்கு வெச்சதா?”

“ஆமா.”

“எங்க பெட்டிக்கு மட்டும் வெக்கலையா?”

“வெக்காம இருப்பேனா? மெயினை நிறுத்திட்டு, கதவைத் தொறந்து, உள்ள பச்சையா ஒரு தகடு இருக்குல்ல, அதுல பட்டையாச் சந்தனம் பூசி, குங்குமம் வெச்சு, சூடம் காட்டினேன்.”

“உள்ளயா? வெளியில வெக்கக் கூடாதா அக்கா?”

“வெளியில இருக்கறது வெறும் தகரம். மிஷினு உள்ளதானே இருக்கு?”

“யாரும் தொடலைன்னு சொன்னீங்களே.”

“அது தொடறதா பாப்பா? அது கும்புடறது.”

ரஞ்சித் தலையைச் சொறிந்தான். “மேடம், நான் துடைச்சது அழுக்கு இல்ல போலிருக்கு.”

சுராயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரப்பிலேயே உட்கார்ந்து மற்ற எட்டு பேருக்கும் போன் போட்டாள். எட்டு பேரும் உள்ளேதான் வைத்திருந்தார்கள். பூசும்போது ஒன்றும் ஆகாது. இரவுப் பனியில் அந்தப் பொட்டு மறுபடி ஈரமாகும். போகக்கூடாத வழியில் மின்சாரம் அதன் மேல் ஊர்ந்து போகும். ஒருநாள் தகடு கருகும்.

திரும்பும்போது பஸ் கொள்ளிடப் பாலத்தில் ஏறியது. ஆறு முழுக்கத் தண்ணீர். மணலே தெரியாத ஆற்றைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஏதோ ஒரு பெரிய கதவு திறந்துகொண்டது போலிருந்தது.

பெட்டி எப்படியெல்லாம் கெடலாம் என்று அவள் எழுதி வைத்திருந்த பட்டியலில் அறுபத்திரண்டு வரிகள் இருந்தன. இடி, எலி, பல்லி, எறும்பு, குறைந்த மின்னழுத்தம். அறுபத்து மூன்றாவதாக எழுதினாள்: உரியவர் உள்ளே பொட்டு வைப்பார்.

ஹரிஹரசுதன் படித்துவிட்டு, “உள்ளே பொட்டு வைக்கக் கூடாதுன்னு ஒரு நோட்டீஸ் ஒட்டிடலாமே?” என்றார்.

“மரியாதை செய்யாதீங்கன்னு ஒட்டுவீங்களா சார்? அவங்க அப்படித்தான் வெப்பாங்க. பெட்டிதான் தாங்கணும்.”

தகட்டின் மேல் கண்ணாடி போன்ற கெட்டிப் பூச்சு ஒன்றைக் கொடுத்துப் பார்க்க எட்டு நாள் ஆயிற்று. பிறகு பன்னிரண்டு பெட்டிகளைச் சூட்டிலும் நீராவியிலும் ஓடவிட்டாள். தினமும் காலையில் ஒவ்வொன்றிலும் அளந்து இரண்டு கிராம் சந்தனம், அரை கிராம் குங்குமம். ஒரு நாள் ஒரு பூஜைக்குச் சமம். பெட்டியின் ஆயுள் ஏழு வருஷம். மூன்று மடங்காக இருபத்தோரு பூஜை தாங்கினால் நம்பலாம்.

“நான் வேணா வெக்கவா?” என்று ஹரிஹரசுதன் ஒருநாள் கையை நீட்டினார்.

“வேண்டாம் சார். நீங்க வெச்சா பக்தி கூடிடும். எல்லாம் ஒரே அளவு இருக்கணும்.”

சாயங்காலம் காட்டூர் வீட்டில் அவள் அம்மா மெஹ்ரீன் கையை முகர்ந்து பார்த்தார். “எந்தக் கல்யாண வீட்டுக்குடி தினமும் போயிட்டு வர்ற?”

ஒன்பதாம் நாள் காலை ரஞ்சித் குரலைத் தாழ்த்திச் சொன்னான். “மேடம், ஏழாம் நம்பர் போயிடுச்சு.”

அவள் ஓடிப்போய்த் திறந்தாள். லென்ஸ் வழியே பார்த்தபோது திருகுக்குப் பக்கத்தில் முடி போல ஒரு விரிசல் தெரிந்தது. பூச்சு காய்ந்த பிறகு திருகை முறுக்கியதால் வந்தது.

“பதினொண்ணு ஓடுதே. ஒண்ணுதானே?” என்றார் ஹரிஹரசுதன்.

“துறையூர்ல அந்த ஒண்ணு வள்ளிக்கண்ணு அக்கா வயல்ல இருக்கும் சார். நல்லவேளை, இங்க செத்துச்சு.”

முதலில் திருகு, பிறகு பூச்சு என்று செய்முறையையே மாற்றினாள். புதிதாகப் பன்னிரண்டு செய்ய இரண்டு நாள் போனது. மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். மீதி சரியாக இருபத்தோரு நாள். இன்னொன்று செத்தால் அறை போய்விடும். இது எல்லோருக்கும் தெரியும்.

பத்தாம் நாளைக் கடந்தார்கள். பதினைந்தைக் கடந்தார்கள். பத்தொன்பதாம் நாளிலிருந்து கீழ்வீட்டுக்காரர்கள்கூட மாடிப்படியில் நின்று, “எத்தனை இருக்கு?” என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

கடைசி நாள் வள்ளிக்கண்ணு குழுவிலிருந்து மூன்று பேருடன் வந்து இறங்கினார். கதவைத் திறந்ததும் அறையெல்லாம் சந்தன வாசம். பன்னிரண்டு தகடுகளும் சந்தனத்துக்கு மேல் சந்தனமாகப் புதைந்து கிடந்தன.

“எங்க ஊரு அய்யனாருக்கே இவ்வளவு சாத்தினதில்ல” என்றார் வள்ளிக்கண்ணு.

சுராயா போனை எடுத்தாள். ஒவ்வொரு பெட்டியாக ஓடவிட்டாள். ஒன்று. டக் என்று உள்ளே இரும்பு விழுந்து பச்சை விளக்கு எரிந்தது. இரண்டு. மூன்று. ஏழாவதற்கு ரஞ்சித் கண்ணை மூடிக்கொண்டான். டக். பதினொன்று. பன்னிரண்டு. பன்னிரண்டு பச்சை விளக்குகள் ஒரே வரிசையில் எரிந்தன. படியில் நின்றவர்கள் கை தட்டினார்கள். சுராயா தட்டவில்லை, கை முழுக்கச் சந்தனமாக இருந்தது. முகம் மட்டும் தீபம் ஏற்றியது போலிருந்தது.

“ரஞ்சித், இருநூறையும் பிரிங்க. பூச்சுப் போட்டுத்தான் போகணும்” என்றார் ஹரிஹரசுதன். பிறகு சுராயாவிடம், “பேக்கிங்குக்குக் கீழ வேற இடம் பார்த்துக்கறேன். இந்த ரூம் உங்களுது. இனிமே எந்த டிசைனும் இங்கேருந்துதான் ஆரம்பிக்கும்” என்றார்.

வள்ளிக்கண்ணு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு பெரிய காகிதத்தில் பென்சில் படம் ஒட்டியிருந்தது.

“இது என்ன பாப்பா?”

“சொட்டுநீர் வால்வு அக்கா. அடுத்த வருஷம் செய்யப்போறோம். இன்னும் காகிதத்துலதான் இருக்கு.”

“காகிதத்துல இருக்கறப்பவே தப்பைச் சொன்னா அழிச்சுட்டு எழுதிக்கலாம்ல?”

“ஆமா.”

வள்ளிக்கண்ணு ஹரிஹரசுதன் பக்கம் திரும்பினார். மற்ற மூவரும் அவரையே பார்த்தார்கள்.

“அப்ப எங்களுக்கும் இங்க நாலு நாற்காலி போடுங்க தம்பி. எதை எதை நாங்க எப்படியெல்லாம் கெடுப்போம்னு முன்னாடியே வந்து உக்காந்து சொல்லிடறோம். போடுவீங்களா?”