சூடில்லாத காயம்

விடியுமுன் குழாய்ப் பள்ளத்தில் இறங்கியாக வேண்டும். வெல்டிங் ஆட்கள் வந்துவிட்டால், ஒட்டில் விரிசல் இருக்கிறதா என்று எக்ஸ்ரே போலப் படமெடுக்கும் கதிரை வெளியே விட முடியாது. கனத்த ஈயப் பெட்டியை நெட்டையனும் அவன் அக்கா புருஷனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, முழங்கால் சேற்றில் சுமந்து போவார்கள். முந்தின நாள் ஒட்டிய இணைப்பில் மச்சான் ஃபிலிமைக் கட்டுவார். நெட்டையன் தள்ளி நின்று கைப்பிடியைச் சுற்றுவான். பெட்டிக்குள்ளிருந்து கதிர்வீசும் குண்டு குழல் வழியே போய், படம் பிடித்துத் திரும்பி வரும்.

அன்று குண்டைத் திரும்ப இழுக்கையில் கைப்பிடி இறுகி நின்றது. குண்டு பெட்டிக்குள் வந்ததா என்று கதிரை அளந்து காட்டும் கருவி பழுதாகி ஒரு மாதம்.

"வந்துருச்சு மச்சான்" என்றான் நெட்டையன்.

மச்சான் குழலைக் கையில் பிடித்து அடுத்த இணைப்புக்குக் கொண்டுபோனார். ஒன்றும் சுடவில்லை. வெல்டிங் ஆட்கள் வந்த பிறகு, கழுவிய அடுத்த ஃபிலிம் முழுக்கக் கறுத்திருந்ததைப் பார்த்தபோதுதான், குண்டு குழலுக்குள்ளேயே கிடந்தது தெரிந்தது.

மதியம் மச்சானுக்கு வாந்தி. பத்தாம் நாள் விரல்கள் வீங்கிக் கொப்புளித்தன. இரண்டு விரல் தங்காது என்றார் டாக்டர். தனக்கும் கதிர் ஏறியிருக்குமோ என்று, சீப்பில் வந்த முடியை நெட்டையன் தினமும் எண்ணினான்.

பழுக்கக் காய்ந்த இரும்பை மச்சான் கவனமில்லாமல் தொட்டதாக எழுதி, நெட்டையனிடம் சாட்சிக் கையெழுத்துக் கேட்டார் காண்ட்ராக்டர். உடம்பில் ஏறும் கதிரைக் காட்டும் பேட்ஜெல்லாம் அவர் மேசைக்குள் பூட்டிக் கிடந்தன. அளவு தாண்டினால் வேலைக்கு விடமாட்டார்கள் என்று இவர்களும் வாய் திறந்ததில்லை.

நெட்டையன் கையெழுத்துப் போடவில்லை. மச்சான் கையின் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்த அக்காவிடம் போய், வந்துவிட்டதென்று சொன்னது தான்தான் என்றான். அவள் புதுக் கட்டைச் சுற்றி முடித்தாள்.

"எங்கிட்டச் சொல்லிட்ட. அங்க வேல பாக்குறவங்ககிட்டயும் போய்ச் சொல்லு."

மறுநாள் காலை வெல்டிங் ஆட்கள் வரும்வரை பள்ளத்து மேட்டில் நின்றான். ஒன்று விடாமல் சொன்னான். வெல்டிங் மேஸ்திரியின் முகம் வெளுத்தது.

"அன்னிக்கு அந்தக் குழல் பக்கத்துலதானேடா உக்காந்து டீ குடிச்சோம்?"

காண்ட்ராக்டர் வந்தார். கருவியும் பேட்ஜும் வராமல், நடந்ததை நடந்தபடி எழுதாமல் இறங்கமாட்டோம் என்றார் மேஸ்திரி.

"இஷ்டமில்லன்னா போங்க. வேற ஆளு கூப்பிட்டா ஓடி வருவான்."

"வரட்டும் சார்" என்றான் நெட்டையன். "அவங்க கிட்டயும் சொல்லுவோம்."

காண்ட்ராக்டர் போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கிப் போனார். ஜெனரேட்டரை யாரும் முடுக்கவில்லை. ஒவ்வொருவராகக் குழாய் மேல் உட்கார்ந்தார்கள். நெட்டையன் மட்டும் நின்றுகொண்டே இருந்தான்.

மேஸ்திரி நகர்ந்து இடம் விட்டார்.

"உக்காருடா. நேரமாகும்."