வலப்பக்கம் பார்த்தால் போதும்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏ.எஸ்.ராவ் நகரில் ராங் ரூட்டில் வந்த ஒரு பைக் என் முழங்கையை உரசிக்கொண்டு போனது. ஓட்டியவன் திரும்பிப் பார்த்து என்னைத்தான் திட்டினான். கதைக்குள்ளாவது அவனைப் பிடித்துப் போடலாம் என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

‘கறுப்புக் கண்ணாடியும் காதைக் கிழிக்கும் சைலன்சருமாக அந்த எமன்—’

(நிறுத்திவிட்டேன். அவன் கண்ணாடி போட்டிருந்தானா என்பதே எனக்குத் தெரியாது. அந்த வேகத்தில் போகிறவனுக்கு முகம் இருப்பதில்லை. ஆகவே அவனை விட்டுவிட்டு, இடிபட்டவர்களின் வீட்டுக்குப் போகிறேன்.)

2

வரதராஜன் மின்னணுத் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலனி வாசலுக்கு நேரே, டிவைடரில் ஓர் இடைவெளி இருந்தது. அதில் வேகமாகத் திரும்பிய ஒரு கார், வாசலில் டீக்கடை வைத்திருக்கும் இர்பானின் தம்பி நூர் முகமதுவைக் கொன்றது. வரதராஜன் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி அந்த இடைவெளியை அடைக்க வைத்தார். நடப்பவர்களுக்கு மட்டும் ஓர் ஆள் நுழையும் சந்து மிஞ்சியது.

அடைத்த அன்று மாலை மனைவி அம்மணியைச் சாலையோரம் நிறுத்தி விளக்கினார்.

“இது இப்போ டையோடு மாதிரி. கரண்ட் ஒரு திசையிலதான் போகும். டிவைடர் வரைக்கும் வலப்பக்கம் பார்த்தா போதும். அதைத் தாண்டினா இடப்பக்கம்.”

“எனக்கு டையோடெல்லாம் வேணாங்க. முதல்ல வலது, அப்புறம் இடது. அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான்.”

3

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும்.* இடைவெளி இருந்தவரை எதிர்ச்சாலையில் வருபவர்கள் அதில் திரும்பிக் காலனிக்குள் நுழைவார்கள். அடைத்த பிறகு வெகுதூரம் போய் யூ-டர்ன் போட வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் முந்தைய சிக்னலிலேயே இந்தப் பக்கம் ஏறி, ஓரமாக எதிர்த்திசையில் வரத் தொடங்கினார்கள். அதாவது, இடப்பக்கத்திலிருந்து.

டையோடும் அப்படித்தான். எதிர்த்திசையில் அழுத்தம் அளவை மீறினால் அதுவும் விட்டுக்கொடுத்துவிடும். வரதராஜனுக்கு இது தெரியாததல்ல. சாலையில் அந்த அழுத்தத்துக்குப் பெயர் அவசரம் என்பதைத்தான் அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒருநாள், லாலாகுடாவில் இருக்கும் தன் தங்கை லலிதா வீட்டுக்குப் போக, எதிர்ப்பக்கம் பஸ் பிடிக்கக் கிளம்பினார் அம்மணி. வலப்பக்கம் பார்த்தார். காலியாக இருந்தது. இறங்கினார்.

இடப்பக்கத்திலிருந்து வந்து இடித்த பைக் நிற்கவில்லை. அம்மணியின் இடுப்பெலும்பு உடைந்தது.

*(விளக்குவது என் வியாதியும்கூட. வரதராஜனுக்கு அதை நான்தான் கொடுத்தேனோ என்ற சந்தேகம் இருக்கிறது.)

4

பார்க்க வந்தவர்களெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: “எப்படி ஆச்சு?” அம்மணியும் ஒரே பதிலைத்தான் சொன்னார்: “என் தப்புதான். நான் சரியா பார்க்கலை.”

அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் வரதராஜன் காபி கொண்டுவர எழுந்து போனார். வந்தவர்கள் காபி வேண்டாம் என்றாலும் போனார்.

(இந்த இடத்தில் பைக்காரன் மனம் மாறி மன்னிப்புக் கேட்க வருவதாக ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். அவன் வந்தால் வரதராஜன் தப்பித்துவிடுவார்.)

வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. ஒருநாள் காலை அம்மணி புடவை மாற்றிக்கொண்டு வந்தார்.

“லலிதாவைப் பார்த்துட்டு வரேன்.”

“நானும் வரேன்.”

“வாங்க. ரோட்டுல மட்டும் பாடம் எடுக்காதீங்க.”

5

வாசலில் இர்பான் ஸ்டூலை இழுத்துப் போட்டார். பல வருஷமாகத் தமிழ்க் குடும்பங்களுக்கு டீ கொடுத்துப் பழகிய, உருது கலந்த தமிழ் அவருடையது.

“இர்பான், அந்த இடைவெளியைத் திறக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கலாமான்னு பார்க்கிறேன்” என்றார் வரதராஜன்.

“நக்கோ சார், வேணாம். மூடினப்புறம் அங்க யாரும் சாகலை. கைக்கு, எதுக்குத் திறக்கணும்?” இர்பான் அம்மணியின் பக்கம் திரும்பினார். “ஏம்மா, அன்னிக்கு ரெண்டு பக்கமும் பார்த்திருக்கக் கூடாதா?”

“வயசாச்சுல்ல இர்பான். கவனம் இல்லை. என் தப்புதான்.”

இந்த முறை எழுந்துபோய்க் கொண்டுவரக் காபி இல்லை. வரதராஜன் வாயைத் திறந்தார்.

இதற்கு மேல் நான் எழுதியவை எதுவும் சரிவரவில்லை. ஒன்றில் அவர் போக்குவரத்துத் திட்டமிடலின் குறைகளைப் பேசுகிறார். இன்னொன்றில் பைக்காரர்களைத் திட்டுகிறார். எல்லாம் உண்மைதான், எல்லாம் விளக்கம்தான். வேறொன்றில் அவர் வாயை மூடிக்கொண்டு, மனைவியின் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்கிறார். படிக்க அழகாக இருந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன்.

தேவைப்படுவது, அம்மணியிடமிருந்து அவர் வாங்கிக்கொள்ள வேண்டிய ஒரே ஒரு சிறிய வாக்கியம். அவருக்கு அது வரவில்லை. எனக்கும், அதை அவர் வாயில் வைக்கும் உரிமை உண்டா என்று தெரியவில்லை. நீங்கள் சொல்லிப் பாருங்கள். சீக்கிரம்: அம்மணி கைத்தடியை ஊன்றி ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார்.