நிலத்துக்கு ஒரு கும்பிடு

வேணுஜாவுக்கு அந்த மனுசனைக் கண்டவுடனேயே பிடிக்கவில்லை. பிராண்டல் என்று பெயர். ஜெர்மனியின் வடக்கே ஒரு பெரிய பாலே குழுவின் தலைவர். டார்ம்ஸ்டாட்டில் அவள் நடத்தும் சின்னக் குழுவுக்காக அவள் அமைத்த ஆட்டங்களில் மூன்றை இன்று ஒத்திகைக் கூடத்தில் பார்த்து, இரண்டைத் தெரிந்தெடுத்துத் தன் மேடைக்குக் கொண்டுபோகப் போகிறாராம். எடுத்தால் அவளுடைய ஆட்டம் முதல்தடவையாக வேறொரு குழுவின் மேடையில் ஏறும். அதற்காக எத்தனையோ வருடமாய்க் காத்திருந்தவள்தான். ஆனாலும் இந்த ஆள் எதைப் பார்த்து வந்தார்? அவளுடைய ஆட்டத்தையா, நிறத்தையா?

பெற்ற பிள்ளைபோல அவள் வைத்திருந்த ஆட்டம் 'சுவர்'. அதன் தொடக்கத்தில் ஆடுகிறவர்கள் எல்லோரும் குனிந்து நிலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். சின்ன வயதில் சனிக்கிழமைப் பரத வகுப்பில் அவள் பழகியது அது. மிதிக்கப்போகும் நிலத்திடம் முதலில் ஒரு மன்னிப்பு. பிராண்டல் இதைத்தான் கொத்திக்கொண்டு போவார், 'கிழக்கின் மர்மம்' என்று சுவரொட்டி அடித்து விற்பார். நினைக்கவே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நடாலி, இண்டைக்குக் கும்பிடு வேண்டாம். நேரே ஆட்டத்துக்குப் போகச் சொல்லும்."

நடாலி அவளுடைய ஒத்திகை உதவியாளர், மன்னார்ப் பெட்டை. எல்லா ஆட்டமும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

"அக்கா, அது இல்லாட்டி இவையளுக்குக் கால் வராது."

"சொன்னதைச் செய்யும்."

மூன்று ஆட்டமும் நடந்து முடிந்தன. பிராண்டலின் முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. கோப்பி எடுக்கப் போன வேணுஜா, நடைவழியில் அவரும் நடாலியும் குசுகுசுப்பதைக் கண்டாள். அவளைக் கண்டதும் பேச்சு நின்றுவிட்டது. அடி பாவி! ஆட்டத்தோடு ஆளையும் சேர்த்தல்லவா கிளப்பப் பார்க்கிறார்!

கடைசியில் பிராண்டல் மற்ற இரண்டு ஆட்டங்களின் பெயரைச் சொன்னார். 'சுவர்' இல்லை. அவள் விரும்பியதுதானே நடந்தது, பிறகேன் இந்த ஏமாற்றம்?

"ஏன் அது இல்லை?" கேட்டே விட்டாள்.

"அதற்காகத்தான் வந்தேன்," என்றார் பிராண்டல். "போன வருடம் பான் நகரில் உங்கள் குழுவைப் பார்த்தபோது நிலத்தைத் தொட்டுவிட்டு, அதை நம்பி மிதித்தார்கள். இன்று நிலத்துக்குப் பயந்து ஆடினார்கள். தொடக்கம் எங்கே என்று நடைவழியில் நடாலியிடம் கேட்டேன். உங்களிடம்தான் கேட்க வேண்டும் என்றார். எங்களுக்குத் தர உங்களுக்கு மனமில்லை என்று நினைத்தேன். வற்புறுத்த எனக்கென்ன உரிமை?"

வேணுஜாவுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எவனோ விற்றுவிடுவான் என்று பயந்து, தன் பிள்ளையின் கழுத்தைத் தானே நெரித்திருக்கிறாள். சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தவர்களைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

"இன்னொரு தடவை. தொடக்கத்திலிருந்து."

முதலில் அவளே குனிந்து நிலத்தைத் தொட்டாள். பின்னால் எல்லோரும் குனிந்தார்கள். பிறகு கூடம் அதிர்ந்தது. புறப்படுவதற்கு மேலங்கி போட்டிருந்த பிராண்டல் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இதுதான்," என்றார் முடிந்ததும். "மற்ற இரண்டில் ஒன்றை விட்டுவிடலாம். ஆனால் அந்தக் கும்பிடை எங்கள் ஆட்களுக்கு யார் பழக்குவது?"

வேணுஜா திரும்பி நடாலியைப் பார்த்தாள். கொஞ்சம் முன்புதான் பாவி என்று திட்டியவளை இப்போது தானே அனுப்ப வேண்டியிருந்தது.

"நீர் போறீரா?"

"நான் வேதக்காரி அக்கா, மாதா கோயிலுக்குப் போறவள்," என்று சிரித்தாள் நடாலி. "ஆனா நிலத்தை உதைக்கிறது நானும்தானே. போறன்."