அலமாரிச் சாவி

ஓமானில் சோஹாருக்கு வெளியே ஒரு பேரீச்சைத் தோட்டம். ரெங்கராஜ் அங்கே ஆடு பார்த்துக்கொண்டிருந்தான். முதலாளியை அர்பாப் என்பார்கள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வருவார். ஆட்டைக் கடிக்க வரும் நாய்களுக்காக ஒரு துப்பாக்கி வைத்திருந்தார். லைசென்ஸ் அவர் பெயரில். வேறு யாரும் தொடக் கூடாது. அது பம்ப் ரூமில், இரும்பு அலமாரியில் இருக்கும். வீட்டில் வைத்தால் மகன்கள் எடுத்துவிடுவார்கள் என்று சாவியை ரெங்கராஜிடம் கொடுத்திருந்தார். அவன் அதை அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தான். குளிக்கும்போதும் அவிழ்க்கமாட்டான். அர்பாப் இதை விருந்தாளிகளிடம் சொல்லிப் பெருமைப்படுவார்.

ரமலானுக்குப் பிறகு அவனுக்குத் தூக்கம் போனது. சோறு இறங்கவில்லை. ஓர் ஆடு ஈனச் சிரமப்பட்டது. பார்த்துக்கொண்டே நின்றான். கை போகவில்லை. குட்டி செத்தது. ரூம்மேட் நாகலிங்கம்தான் புதைத்தான்.

டவுனில் மலையாளி டாக்டர் மாத்திரை எழுதினார்.

"செத்துடலாம்னு தோணுதா?"

"எப்பவாச்சும்."

"பக்கத்துல ஆயுதம் ஏதாவது இருக்கா?"

"இல்ல சார்."

சாவி இடுப்பில் உறுத்தியது.

"இருந்தா வேற ஆள்கிட்ட குடுத்துருங்க. குணமாகுற வரைக்கும்."

ரூமுக்கு வந்ததும் நாகலிங்கத்திடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"அண்ணே, இந்தச் சாவிய கொஞ்ச நாளு நீ வச்சுக்க."

"ஆள விடுப்பா. மாத்திரை எதுக்குன்னு கேட்டா சுகர்னு சொல்லு. சுகர்னா பாவம்பானுவ. இதுன்னா கீழ்ப்பாக்கம்பானுவ."

"அர்பாப்கிட்டயே குடுத்துரவா?"

"குடு. அப்படியே பாஸ்போர்ட்டையும் கேட்டு வாங்கிக்க. ஊருக்குத்தான் அனுப்புவான்."

மனைவி சரசு போனில் முதலில் அழுதாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பானுமதிய பொண்ணு பாக்க வர்றாங்க. அப்பனுக்கு இப்படின்னு தெரிஞ்சா யாரு எடுப்பா? வாயத் தொறந்துராதீங்க."

அந்த வாரம் முழுக்க அவன் பம்ப் ரூம் பக்கம் போகவில்லை. மோட்டார் போடவும் நாகலிங்கத்தை அனுப்பினான். ஆனால் கை தானாக இடுப்புக்குப் போனது. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

வெள்ளிக்கிழமை கயிற்றை அறுத்தான். சாவியை அர்பாபின் முன்னால் வைத்தான். தெரிந்த இந்தியில் சொன்னான். மனசு சரியில்லை. மருந்து சாப்பிடுகிறேன். குணமானதும் வாங்கிக்கொள்கிறேன்.

அர்பாப் அவனையே பார்த்தார். தோளில் கை வைத்தார். "அச்சா கியா," நல்லது செய்தாய் என்றார். சாவியை எடுத்துக்கொண்டார்.

அன்று மாலை குலை வெட்டும் அரிவாள்களும் பம்ப் ரூம் அலமாரிக்குள் போய்விட்டன. அர்பாபின் மகன்கள் அவனைப் பார்த்தால் காரைவிட்டு இறங்கவில்லை. "மஜ்னூன்," என்று கண்ணாடிக்குள்ளிருந்து ஒருவன் சொன்னான். பைத்தியம். அந்த அரபி வார்த்தை அவனுக்குத் தெரியும்.

அடுத்த வெள்ளி அர்பாப் டிக்கெட்டோடு வந்தார். "கலாஸ், முடிந்தது. ஊருக்குப் போ. குடும்பத்தோடு இரு."

"திரும்பி வர்றதுக்கு விசா?"

"பார்க்கலாம்."

விசாவில் கேன்சல் அடித்தாகிவிட்டது என்று நாகலிங்கம்தான் பிறகு சொன்னான்.

கிளம்பும் நாளில் அட்டைப்பெட்டிக்கு நாகலிங்கம் கயிறு கட்டினான். குனிந்தபோது பனியன் மேலேறியது. இடுப்பில் சாவி.

"உங்கிட்டயா குடுத்தாரு?"

"நேத்து." நாகலிங்கம் முடிச்சை இழுத்தான். "அந்த மாத்திரைய வச்சுட்டுப் போயேன்."

"உனக்கு எதுக்கு?"

"உனக்கு முன்னாடி எந்திரிச்சு டீ போடுறேனே. தூங்கி எந்திரிச்சேன்னா நெனச்ச?"

ரெங்கராஜ் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"எவ்வளவு நாளா?"

"நீ சொல்றதுக்கு ரொம்ப முந்தியே."

"அப்ப சாவிய ஏன் வாங்குன?"

"வேணாம்னா ஏன்னு கேப்பான்ல."

"சொல்லிரு அண்ணே."

"நீ சொன்ன. இப்ப உனக்குப் பொட்டி கட்டிக்கிட்டிருக்கேன்."

மாத்திரையை ரெங்கராஜ் கொடுக்கவில்லை. டாக்டரின் பெயரையும் இடத்தையும் சொன்னான். போய்ப் பார் என்று கையைப் பிடித்துக்கொண்டான். நாகலிங்கம் கையை விடுவித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினான்.

ஏர்போர்ட்டுக்கு அர்பாபே காரை ஓட்டினார். பாதி வழிவரை ரெங்கராஜ் யோசித்துக்கொண்டே வந்தான். நாகலிங்கத்தின் பெயரைச் சொன்னால் அவனுக்கும் டிக்கெட் வரும்.

"அர்பாப், அலமாரிச் சாவி. அத நீங்களே வச்சுக்குங்க. தோட்டத்துல வேணாம்."

அர்பாப் சிரித்தார். "நாகலிங்கம் நல்ல ஆள். தலை சரியாக இருக்கிறது."

"யாரா இருந்தாலும் வேணாம்."

"உனக்கு இனிமேல் துப்பாக்கி நினைப்பே வேண்டாம். யல்லா, தூங்கு."

ஏர்போர்ட் வாசலில் பாஸ்போர்ட்டை எடுக்க டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தார். பம்ப் ரூம் துப்பாக்கிக்கான சிவப்பு நிறத் தோட்டாக்கள் இரண்டு உருண்டு ரெங்கராஜின் மடியில் விழுந்தன. அவன் கையை அசைக்கவில்லை. அர்பாப் பதறிப்போய் அவற்றைப் பறித்தார். சீட்டுக்கு அடியில் வேறு ஏதும் விழுந்திருக்கிறதா என்று குனிந்து தேடினார். பிறகு அவனைக் காரைவிட்டு இறங்கச் சொன்னார்.